குவாதெலூப்பில் இரண்டு வாரம்: சமையல் பொருள்களை எங்கே, எப்படி வாங்குவது?

வெண்பனி:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 20 அன்று பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து, கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதெலூப்புக்குக் குடும்பமாகப் புறப்படுகிறோம். கணவர், நான், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். சேந்த்-ஆன் ஊரில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சமையலறையுள்ள வீடொன்றை இரண்டு வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நாள்தோறும் உணவகத்தில் உண்ண எங்களுக்கு வசதியில்லை. அதைவிட, மாமி மரக்கறி மட்டுமே உண்பவர், ஒரு வேளையாவது சோறும் பருப்பும் இல்லாவிட்டால் அவருக்கு நாள் முடியாது.

அங்கே போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'சாமான் விலை கூட' என்கிறார்கள். எதைப் பெட்டியில் கொண்டுபோவது, எதை அங்கே வாங்குவது, குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா, கிறிஸ்துமஸ் காலத்தில் கடைகள் திறந்திருக்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தீவான்:

வணக்கம் அக்கா. நான் வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகள் அங்கே, லெ-அபீம் பகுதியில் வாழ்ந்தவன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான ஈன்சே 2022ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்டபோது, குவாதெலூப்பில் உணவுப் பொருள்களின் விலை பிரான்சின் பெருநிலத்தைவிட 42 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. நாணயம் அதே யூரோ, கடையின் பெயர் அதே கர்ஃபூர், தயிர்க் கோப்பையின் மேலுள்ள படமும் அதே என்பதால், முதல்முறை போகிறவர்கள் பாரிஸில் தள்ளுவண்டியை நிரப்புவதைப் போலவே நிரப்பிவிட்டுக் காசாளரிடம் வந்து நின்று திகைக்கிறார்கள். என் முதல் வாரமும் அப்படித்தான் கழிந்தது: பாலாடைக்கட்டி, ஆப்பிள், பெருநிலத்துத் தக்காளி, பிஸ்கட், பழச்சாறு என்று பழக்கத்தின் கை போன திசையிலெல்லாம் எடுத்துப் போட்டேன், அந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் கைவைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறி வந்த பொருளுக்குத்தான் விலை கூடுதல். தீவில் விளைந்ததை, அது விளையும் பருவத்தில், சந்தையில் வாங்கினால் அவ்வளவு வலிக்காது.

இனி நடைமுறை. பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். குளிர்காலத்தில் அங்கு நேரம் பாரிஸைவிட ஐந்து மணி பின்னால் இருக்கும். மாலை ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். வாடகைக் காரை எடுத்தவுடன் நேரே சேந்த்-ஆனுக்கு ஓடாமல், விமான நிலையத்துக்கு அருகிலேயே லெ-அபீமில் உள்ள மிலெனிஸ் வணிக வளாகத்தில் நிறுத்தி, முதல் மூன்று நாள்களுக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், உப்பு, முட்டை, பால், குடிதண்ணீர், கழிவறைத் தாள், பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். பே-மாவோவில் உள்ள தெஸ்த்ரெலான் அதைவிடப் பெரியதுதான், ஆனால் அது உங்களுக்கு எதிர்த்திசை. மாலை நெரிசலில் போய் மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிடுவார்கள்.

கடையில் 'பூக்லியே கலித்தே பிரீ' என்ற அடையாளச் சீட்டு ஒட்டிய பொருள்களைத் தேடுங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசும் வணிகர்களும் ஆண்டுதோறும் பேசி, ஒரு கூடை அன்றாடப் பொருள்களுக்கு மொத்த விலை வரம்பு வைக்கிறார்கள். அவை அடித்தட்டில் அல்லது ஓரத்தில் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஞாயிறு நண்பகலுக்குப் பின் பெரும்பாலான கடைகளை எதிர்பார்க்காதீர்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் அடைப்பு. முந்தைய நாள் மாலை வரிசை வாசல்வரை நிற்கும்.

அடுக்களை:

தங்கச்சி, நான் வேறுவிதமாகச் சொல்வேன். எங்கள் குடும்பம் மூன்று ஆண்டுகளுக்கு முன் லெ கோசியேயில் பத்து நாள் தங்கியது. எங்கள் பயணச்சீட்டில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி இருந்தது. கடற்கரை விடுமுறைக்கு உடுப்பு எவ்வளவு வேண்டும்? நாங்கள் இரண்டு பெட்டிகளை முழுக்க உணவுக்கே ஒதுக்கினோம். பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலில் வாங்கிய அரிசி, துவரம்பருப்பு, மைசூர்ப் பருப்பு, கடலை, ரவை, அரிசிமா, புளி, மிளகாய்த்தூள், பிள்ளைகளுக்கு நூடில்ஸ், பிஸ்கட் எல்லாம் போயின. அங்கே மீனும் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே வாங்கினோம். ஐந்து பேர் போகும்போது நானூறு, ஐந்நூறு யூரோ மிச்சப்படும் வழியை விட்டுவிட்டு, ஏன் சந்தை சந்தையாக அலைய வேண்டும் என்பதே என் கேள்வி.

காரைக்காலான்:

அடுக்களை அம்மாவின் சிக்கனம் எனக்குப் புரிகிறது. பருப்பைக் கொண்டுபோகச் சொன்னதிலும் முழு உடன்பாடு. ஆனால் மிளகாய்த்தூள் தவிர வேறெந்த மசாலாவையும் அந்தத் தீவுக்கு நாம் சுமக்க வேண்டியதில்லை என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது.

1854 டிசம்பர் 24 அன்று 'ஓரேலி' என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் குவாதெலூப்பில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் புதுச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். மொழி அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நாவில் தங்கவில்லை. அடுப்பில் தங்கிவிட்டது.

புவாந்த்-ஆ-பீத்ர் நகரின் நடுவிலுள்ள சேந்த்-அந்துவான் சந்தைக்கு ஒரு நாள் காலையில் மாமியை அழைத்துச் செல்லுங்கள். இரும்புத் தூண்கள் தாங்கும் பழைய கூரையின் கீழ், தலையில் மெட்ராஸ் துணி கட்டிய பெண்கள் கறுவாப்பட்டை, சாதிக்காய், வனிலா, மஞ்சள் ஆகியவற்றைக் குவித்து வைத்திருப்பார்கள். கட்டம்போட்ட அந்தத் துணியின் பெயரே சென்னையிலிருந்து போனதுதான். அங்கே 'கொலொம்போ' என்று கேட்டால் மஞ்சள்நிறத் தூள் ஒன்றைத் தருவார்கள். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு சேர்த்து அரைத்தது. மிளகாய் காரம் அதில் அநேகமாக இருக்காது, ஏனென்றால் அவர்கள் முழு மிளகாயைக் கறியின்மேல் உடையாமல் மிதக்கவிட்டு மணத்தை மட்டும் எடுப்பார்கள். இந்தப் பெயர் இலங்கைத் தலைநகரைக் குறிக்கிறது என்பார் சிலர். 'குழம்பு' என்ற சொல்லே திரிந்தது என்பார் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி.

இன்னொன்றையும் தவறாமல் கேளுங்கள்: 'கிரேன் அ ரூசீர்'. வறுத்துச் சிவக்க வைக்கும் விதைகள் என்று பொருள். சிறு பொட்டலத்தில் கடுகும் சீரகமும் வெந்தயமும் கலந்திருக்கும். முதன்முதலாக அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வாயில் பேச்சு வரவில்லை. எங்கள் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து தாளிக்க எடுத்துவைத்த ஒரு பிடி, நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக்குக்கு அப்பால், விலைச்சீட்டோடு என் உள்ளங்கையில் இருந்தது. விற்ற அம்மையாரிடம் 'இது எங்கள் ஊர் வழக்கம்' என்று சொன்னேன். அவர் தம் கொள்ளுப்பாட்டி இந்தியர் என்று சொல்லி, ஒரு பிடி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

வெண்பனி:

ஐயா, இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மசாலாப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட இப்போதே சம்மதித்துவிட்டார். ஆனால் மரக்கறிகளின் பெயர்கள் எங்களுக்குத் தெரியவில்லையே? மேலும், அங்கே கிழங்குகளை உண்ணக்கூடாது, நஞ்சு கலந்திருக்கிறது என்று கணவரின் நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார்.

காரைக்காலான்:

பெயர்கள் புதியவை, காய்கள் பழையவை. ஜிரோமோன் என்பது பூசணி. கிறிஸ்தோஃபீன் என்பது சௌசௌ. கோம்போ என்றால் வெண்டைக்காய். இஞாம் என்பது வள்ளிக்கிழங்கு வகை, மதேர் என்பது சேம்பு. ஃப்ருயி-ஆ-பேன் என்று கேட்டால் உங்கள் ஊர் ஈரப்பலாவைத் தருவார்கள். நீங்கள் போகும் பருவத்தில் பச்சைத் துவரை காய்த்திருக்கும். புவா தாங்கோல் என்பார்கள், அங்கே கிறிஸ்துமஸ் விருந்துக்கு அது இல்லாமல் முடியாது. சந்தைப் பெண்கள் உரித்த பருப்பைச் சிறு பைகளில் கட்டி விற்பார்கள். பூசணியோடு போட்டு, கொலொம்போ தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மாமி துவரம்பருப்புப் பொதியைத் திறக்கவே மாட்டார்.

அதே பருவத்தில் சிவந்த புல்லிகளைக் குவித்து விற்பார்கள், பெயர் குரோசெய்-பெயி. நம் புளிச்சக்கீரைச் செடியின் இனம்தான். ஏலம், கறுவா போட்டுக் காய்ச்சிக் குளிரவைத்தால் பிள்ளைகள் கடைப் பழச்சாற்றைக் கேட்க மாட்டார்கள்.

மூலிகை:

கிழங்கு பற்றிய பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். மருந்தகத்தில் பணிபுரிகிறேன், இந்தக் கேள்வியை அங்கிருந்து வரும் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு.

அது வெறும் வதந்தியன்று. வாழைத் தோட்டங்களில் கிழங்கைத் துளைக்கும் வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள். பெருநிலத்தில் 1990இலேயே தடைசெய்யப்பட்ட பிறகும், குவாதெலூப், மார்த்தினிக் ஆகிய அந்தீல் தீவுகளுக்கு மட்டும் விலக்களித்து மேலும் மூன்றாண்டுகள் தெளிக்க விட்டார்கள் என்பதை அத்தீவு மக்கள் இன்றும் ஆறாத புண்ணாகச் சுமக்கிறார்கள், அது நியாயமான கோபம். அந்த நஞ்சு மண்ணில் பல தலைமுறைகளுக்கு நிற்கக்கூடியது.

ஆனால் எல்லா இடத்திலும், எல்லாக் காயிலும் அது இல்லை. பழைய வாழைத் தோட்டங்கள், தீவின் மலைப்பாங்கான மேற்குப் பாதியான பாஸ்-தேர் பகுதியின் தெற்கில், காபெஸ்தேர்-பெல்-ஓ, துருவா-ரிவியேர் பக்கங்களில் இருந்தன. சிக்கல் பெரும்பாலும் அந்த மண்ணில்தான். மண்ணுக்குள் வளரும் இஞாம், மதேர், வத்தாளை (சர்க்கரைவள்ளி) போன்றவை அதை உறிஞ்சும். மரத்தில் காய்க்கும் ஈரப்பலா, வாழைப்பழம், தேங்காய், தோடை ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆகவே கிழங்கை வாங்கும்போது எங்கே விளைந்தது என்று கேளுங்கள். கடையிலும் முறையான சந்தையிலும் விற்பவை கண்காணிப்புக்கு உட்பட்டவை. வீதியோரத்தில் ஊர்பேர் தெரியாத வண்டியிலிருந்து கிழங்கு வாங்காதீர்கள். தோலைத் தடிப்பாகச் சீவி, நன்றாகக் கழுவுங்கள். பாஸ்-தேர் ஆறுகளில் பிடித்த மீனையும் இறாலையும் யாராவது கொடுத்தாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். பெரிய பவளப்பாறை மீன்களில் சிகுவாடெரா என்ற இயற்கை நஞ்சும் சேரக்கூடும். சமைத்தால் அது போகாது. காலையில் படகுத்துறையில் உள்ளூர் மக்கள் வரிசையில் நிற்கும் மீனவரிடம் வாங்குவது நல்லது.

மருந்து, கொசுத் தடுப்பு, வெயில் பூச்சு ஆகியவை மருந்தகங்களில் கிடைக்கும். பிரெஞ்சுக் காப்பீட்டு அட்டையும் செல்லும். ஆயினும் வெயில் பூச்சைப் பாரிஸிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். டெங்கு வந்துபோகும் தீவு என்பதால் கொசுத் தடுப்பில் சிக்கனம் வேண்டாம்.

தீவான்:

தண்ணீர் விஷயத்தை நான் சேர்த்துவிடுகிறேன், சேந்த்-ஆனில் தங்குகிறவருக்கு இது விலையைவிடப் பெரிய விஷயம். சேந்த்-ஆன் இருக்கும் கிழக்குப் பாதியான கிராந்த்-தேர் தட்டையான சுண்ணாம்பு நிலம். அதன் குடிநீர் பெரும்பாலும் பாஸ்-தேர் மலைகளிலிருந்து குழாய் வழியே வருகிறது. குழாய்கள் பழையவை, தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்துவிடுகிறது. அதனால் பகுதிவாரியாக முறைவைத்து நிறுத்துவார்கள். 'தூர் தோ' என்பார்கள், எங்கள் ஊர் மின்வெட்டைப்போல அட்டவணையும் உண்டு. வீட்டுக்காரரிடம் தொட்டியும் பம்பும் இருக்கின்றனவா என்று இன்றே எழுதிக் கேளுங்கள். சமையலுக்கு எப்போதும் இரண்டு வாளி பிடித்து வையுங்கள். நிறுத்தித் திரும்ப வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும், சற்று ஓடவிட வேண்டும். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் குடிக்கப் போத்தல் தண்ணீரே வாங்குங்கள். பெருநிலத்து நிறுவனங்களின் போத்தல்கள் கண்ணுக்குப் பழகியவை. ஆனால் தீவின் ஊற்றுகளிலேயே நிரப்பும் காபெஸ்-தோலே, மத்தூபா இரண்டும் நல்லவை.

வெண்பனி:

வீட்டுக்காரர் பதில் எழுதிவிட்டார்: ஆயிரம் லீட்டர் தொட்டி இருக்கிறதாம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். கறிவேப்பிலை மட்டும் ஒரு பை கொண்டுபோகலாமா? காய்ந்த இலையில் மணமே இல்லை என்கிறார் மாமி.

தீவான்:

தயவுசெய்து வேண்டாம் அக்கா. கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மரங்களை அழிக்கும் பசுமையாக்கல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். 2012இல் அந்த நோய் குவாதெலூப்பில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு தேசிக்காய், தோடைத் தோட்டங்கள் எப்படிப் பட்டுப்போயின என்பதைத் தோட்டக்காரர்கள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பச்சை இலை, பழம், செடி எதையும் சான்றிதழின்றி எடுத்துச் செல்வது விதிக்கும் புறம்பு, அந்த மக்களுக்கும் தீங்கு. காய்ந்த பருப்பு, தூள், புளி ஆகியவற்றுக்குச் சிக்கலில்லை. திரும்பும்போதும் இப்படித்தான்: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய் கொண்டுவரலாம், மாம்பழம், பச்சை மிளகாய் போன்றவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும்.

அடுக்களை:

கறிவேப்பிலை பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன பையில் ஒரு கட்டு இருந்தது; இப்போது வருந்துகிறேன். ஆனாலும் விலை பற்றிய என் மனக்குறை போகவில்லை. அங்கே மதிப்புக்கூட்டு வரியின் பொது வீதம் 8.5 விழுக்காடுதான், இங்கே 20. வரி குறைந்த இடத்தில் விலை எப்படிக் கூடும்? வருகிறவர்களிடம் கறக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

தீவான்:

அக்கா, கறக்கப்படுவது முதலில் அங்கு வாழ்கிறவர்கள்தான். நீங்கள் சொன்ன வரி குறைவு உண்மை. ஆனால் தீவுக்குள் இறங்கும் பொருள்மீது 'ஒக்த்ருவா த மேர்' என்ற வேறொரு வரி உண்டு, அந்தப் பணத்தில்தான் ஊராட்சிகள் நடக்கின்றன. அதற்குமேல் ஏழாயிரம் கிலோமீட்டர் கப்பல் கூலி, கிடங்கு, இடையில் நிற்கும் ஒவ்வொரு கையின் இலாபம், சில குழுமங்களின் பிடியிலிருக்கும் சிறு சந்தை. 2009 ஜனவரி 20 முதல் 44 நாள் தீவே வேலைநிறுத்தத்தில் நின்றது இந்த விலைவாசிக்காகத்தான். சுற்றுலா வருகிறவர் இரண்டு வாரம் முகம் சுளித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதே காசாளர் மேசையில் தன் பிள்ளையின் பால்மாவை ஆண்டு முழுதும் வாங்குகிற தாயை நான் அங்கே தினமும் பார்த்தேன். அதனால்தான், பருப்பைப் பெட்டியில் கொண்டுபோங்கள், காய்கறிக்கான காசையாவது சந்தைப் பெண்களிடம் கொடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

வெண்பனி: *(நான்கு வாரங்களுக்குப் பிறகு)*

திரும்பி வந்துவிட்டோம். உங்கள் எல்லாருடைய சொல்லையும் கேட்டு நடந்ததால் அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டியில் கொண்டுபோனவை: ஆறு கிலோ அரிசி, மூன்று கிலோ பருப்பு வகைகள், மிளகாய்த்தூள், புளி, ஒரு சிறிய தேங்காய் துருவி, நல்ல கத்தி, துணிப்பைகள் நான்கு. வாடகை வீட்டுக் கத்தி தக்காளியையே வெட்டவில்லை. சொந்தக் கத்தியால் பூசணியும் ஈரப்பலாவும் வெட்டினோம். (கத்தியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.) அரிசி இன்னும் இரண்டு கிலோ கூட்டியிருக்கலாம்.

முதல் மாலை மிலெனிஸில் நிறுத்தியது மிகச் சரியான முடிவு. பிள்ளைகள் கேட்ட காலைத் தானியப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு நாங்களே கீழே வைத்தோம். பதிலுக்குக் காலையில் ரொட்டியும் உள்ளூர் வாழைப்பழமும் என்று பழகிவிட்டார்கள். பால்பொருள்களில்தான் அதிகம் செலவானது, மாமிக்குத் தயிர் வேண்டும் என்பதால் அதைத் தவிர்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் பாலை வாங்கி வீட்டிலேயே உறைய வைத்தோம். அந்த வெப்பத்தில் ஐந்து மணி நேரத்தில் உறைந்தது. தண்ணீர் இருமுறை நின்றது, ஒருமுறை ஒரு முழுப் பகல். தொட்டி இருந்ததால் தப்பினோம்.

லெ சேந்த் தீவுகளுக்கு ஒரு நாள் போனோம். அங்கே கடைகள் சிறியவை. படகேறும் துருவா-ரிவியேரிலேயே தண்ணீரும் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொள்வது நல்லது.

டிசம்பர் 23 காலை மாமியைச் சேந்த்-அந்துவான் சந்தைக்கு அழைத்துப் போனோம். பிரெஞ்சு அவருக்கு அவ்வளவாக வராது. ஒரு பெண்மணியின் கடை முன்னால் நின்று, கடுகு கலந்த அந்தப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, எண்ணெயில் போட்டால் வெடிக்கும் என்று கையாலும் வாயாலும் சைகை காட்டினார். அந்தப் பெண்மணி அதே ஓசையை எழுப்பிக் காட்டிவிட்டு, பக்கத்துக் கூடையிலிருந்து உரித்த துவரையில் ஒரு பையை எடுத்து மாமியின் கையில் வைத்து, பூசணியைச் சுட்டிக் காட்டினார். அன்று இரவு அதைத்தான் சமைத்தோம். கொலொம்போ தூளில் இரண்டு கிலோ இப்போது எங்கள் பாரிஸ் சமையலறையில் இருக்கிறது. மாமி அதன் போத்தலில் பேனாவால் 'குழம்புத்தூள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.